வாசகர் கேள்வி – பதில்: மிதிவெடி அருங்காட்சியகத்துக்குப் போகும் முன்

கம்போடியாவிலுள்ள மிதிவெடி அருங்காட்சியகம் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டிருந்தோம். அதற்கு இலங்கை மலைநாட்டிலிருந்து மட்டும் இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

டிசம்பரில் குடும்பத்தோடு அங்கோர் வாட் பார்க்கப் போகிறோம். அந்த அருங்காட்சியகத்தையும் பார்க்க ஆசை. எப்படிப் போவது, எவ்வளவு நேரம் வேண்டும்? எட்டு வயது மகனைக் கூட்டிப் போகலாமா?
– ஹட்டன் வாசகர்

அங்கோர் வாட்டுக்குப் பக்கத்து நகரமான சியெம் ரீப்புக்குக் கொழும்பிலிருந்து நேரடி விமானம் கிடையாது. பாங்கொக், சிங்கப்பூர், கோலாலம்பூர் இவற்றில் ஒன்றில் மாற வேண்டும். பாங்கொக்கில் இறங்கி பஸ்ஸில் எல்லை தாண்டும் பழைய மலிவு வழியை நம்பித் திட்டம் போடாதீர்கள். 2025இல் தாய்லாந்து – கம்போடிய எல்லையில் சண்டை மூண்டு தரைவழிக் கடவைகள் மூடப்பட்டன. வான்வழியே போய்விடுவதுதான் நல்லது. விமானத்தில் போகிறவர்கள் விசாவோடு, கம்போடிய அரசின் இணைய வருகை அட்டையையும் புறப்படுமுன் நிரப்ப வேண்டும். 2023 ஒக்டோபரில் திறந்த புதிய விமான நிலையம் நகரத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத் தூரம். செலவுக்கு அமெரிக்க டொலரே போதும். ஆனால் ஓரம் கிழிந்த, மை பட்ட நோட்டுகளை அங்கே வாங்க மாட்டார்கள். கொழும்பில் மாற்றும்போதே ஒவ்வொரு நோட்டையும் விரித்துப் பார்த்து வாங்குங்கள்.

அருங்காட்சியகம் நகரத்துக்கு வெளியே சுமார் 25 கிலோமீற்றரில், பந்தியாய் ஸ்ரேய் கோயிலுக்குப் போகும் வழியில் இருக்கிறது. ஆட்டோவில் முக்கால் மணி நேரம். இங்கே பலர் ஏமாறும் ஒரு விஷயம்: நகரத்துக்குப் பக்கத்திலேயே டாங்கிகளும் ஹெலிகொப்டர்களும் வைத்த 'வார் மியூசியம்' ஒன்று இருக்கிறது. அது வேறு, இது வேறு. 'லாண்ட்மைன் மியூசியம், பந்தியாய் ஸ்ரேய் வழி' என்று ஓட்டுநரிடம் அழுத்திச் சொல்லுங்கள். கோயிலையும் சேர்த்து அரை நாளுக்கு ஆட்டோவைப் பேசிக்கொள்வது லாபம்.

காலையில் முதலில் கோயில், பிறகு அருங்காட்சியகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோயிலுக்கு அங்கோர் அனுமதிச் சீட்டு வேண்டும்: ஒரு நாளுக்கு 37 டொலர், மூன்று நாளுக்கு 62. பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை, ஆனால் வயதைக் காட்டக் கடவுச்சீட்டு கையில் இருக்க வேண்டும். அருங்காட்சியகத்துக்கு இந்தச் சீட்டு தேவையில்லை, அங்கே தனியாக வாங்க வேண்டும். கி.பி. 967இல் எழுந்த அந்தச் சிவன் கோயிலின் கிழக்குக் கோபுரத்தில் ஆடும் சிவனின் காலடியில் எலும்பும் தோலுமாக ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். காரைக்கால் அம்மையார் என்று ஆய்வாளர்கள் சொல்லும் உருவம் அது. தமிழர் யாரும் பார்க்காமல் திரும்பக் கூடாது. அந்தக் கோயிலைச் சுற்றியிருந்த காடும் 1990களில் வெடி புதைந்து கிடந்த காடுதான்.

அருங்காட்சியகத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். இடம் சிறியது: நான்கு காட்சியறைகள், நடுவே ஒரு குளம், அதில் செயலிழக்கச் செய்த வெடிகளை நிறைத்த கண்ணாடி மண்டபம். ஓடினால் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும், அப்படிப் போய்ப் பயனில்லை.

எட்டு வயதுப் பிள்ளையைக் கூட்டிப் போகலாம். ஒவ்வோர் அறைக்குள்ளும் நீங்களோ மனைவியோ முதலில் போய்ப் பார்த்துவிட்டுப் பிறகு மகனைக் கூப்பிடுங்கள். காயங்களின் படங்கள் இருக்கும் சுவரைத் தாண்டிவிடலாம். 'இதெல்லாம் விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும், ஆனால் இதை எங்கே கண்டாலும் தொடக்கூடாது' என்று போகும் வழியிலேயே சொல்லிவையுங்கள். பிள்ளை கேள்வி கேட்டால் மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். பயத்தை அது கூட்டாது.

அங்கே எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும்? எல்லாம் துருப்பிடித்த இரும்புதானே?
– கொட்டகலை, உயர்தர மாணவி

உள்ளே போனதும் கண் முதலில் பெரிய விமானக் குண்டுகளின் மேல்தான் போகும். எல்லோரும் அவற்றின் பக்கத்தில் நின்றுதான் படம் எடுப்பார்கள். அவற்றை விட்டுவிட்டுச் சின்னதைத் தேடுங்கள் தங்கச்சி.

எம்14 என்ற அமெரிக்க மிதிவெடி 56 மில்லிமீற்றர் அகலம்தான், சப்பாத்துப் பொலிஷ் டப்பா அளவு. உள்ளே இருக்கும் வெடிமருந்து 29 கிராம், அதாவது இரண்டு மேசைக்கரண்டிச் சீனியைவிடச் சற்றுக் கூட. அது ஆளைக் கொல்வதற்குச் செய்ததல்ல, பாதத்தை எடுப்பதற்குச் செய்தது. பக்கத்தில் கறுப்பாக, விரித்த உள்ளங்கை அகலத்தில் ஒன்று இருக்கும். அது சோவியத் நாட்டின் பிஎம்என். அதில் டிஎன்டி என்ற வெடிமருந்து 240 கிராம், கால் கிலோச் சீனிப் பொட்டலத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதை மிதித்தால் பாதத்தோடு நிற்காது, பெரும்பாலும் முழங்காலுக்கு மேலே போய்விடும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒருவருக்குப் பாதமும் இன்னொருவருக்கு முழங்காலுக்கு மேலும் ஏன் போகிறது என்று புரியும்.

அடுத்து, அவை எதனால் ஆனவை என்று பாருங்கள். துருப்பிடித்த இரும்பு என்று எழுதியிருக்கிறீர்கள், பலவற்றின் கூடு பிளாஸ்டிக். பிளாஸ்டிக் மண்ணில் உக்காது. சிலவற்றில் உலோகம் ஓர் ஊசி முனை அளவே இருப்பதால், உலோகம் தேடும் கருவி ஒலிக்கும்போது அது மிதிவெடியா, ஆணியா, துப்பாக்கி ரவையா என்று தெரியாது. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஓர் ஆள் முழங்காலில் உட்கார்ந்து, பக்கவாட்டிலிருந்து மண்ணைச் சிறிது சிறிதாகச் சுரண்ட வேண்டும். மேலிருந்து தோண்டினால் அழுத்தம் வெடியின் தலையில் விழும். நூறு சத்தத்துக்கு நூறு முறையும் அதே பொறுமை வேண்டும். ஒரு மிதிவெடியை 3 டொலருக்குச் செய்யலாம், எடுப்பதற்கு 300 முதல் 1,000 டொலர் ஆகும் என்று ஐ.நா. நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு இந்த வேலையிலிருந்து வருவதுதான்.

காயம் பற்றிய பகுதியை அவசரப்படாமல் வாசியுங்கள். வெடி கீழிருந்து மேலே அடிக்கும்போது மண், புல், செருப்புத் துண்டு, எலும்புச் சில்லு எல்லாம் தசைக்குள் மேலேறும். வெளியே கணுக்காலில் காயம் தெரியும், உள்ளே அழுக்கு கெண்டைக்கால் வரை போயிருக்கும். அதனால்தான் மருத்துவர் கண்ணுக்குத் தெரியும் காயத்துக்கு மேலே வெட்டுகிறார், வெட்டிய இடத்தை உடனே தைக்காமல் சில நாள் திறந்துவைக்கிறார். அன்றே தைத்தால் உள்ளே சீழ் பிடித்து இன்னும் மேலே வெட்ட வேண்டிவரும். பிள்ளைகளுக்கு இன்னொரு கஷ்டம். எலும்பு வளர்ந்துகொண்டே இருக்கும், தோல் அதற்கு ஈடுகொடுக்காது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பொய்க்கால் மாற்ற வேண்டும், சிலருக்கு மறுபடி அறுவை வேண்டும். பத்து வயதில் காலை இழந்த பிள்ளைக்கு வாழ்நாளில் ஏறக்குறைய 25 பொய்க்கால் தேவைப்படும் என்பது செஞ்சிலுவைச் சங்க மருத்துவர்கள் போட்ட கணக்கு.

கம்போடியாவில் 1979க்குப் பிறகு மிதிவெடியாலும் வெடிக்காத குண்டுகளாலும் 64,000க்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் ஏறக்குறைய 20,000 பேர் இறந்தார்கள். அருங்காட்சியகத்தை உருவாக்கிய அகி ரா, பெற்றோரைக் கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் இழந்து, சிறுவனாக இருக்கும்போதே துப்பாக்கி பிடிக்கவும் மிதிவெடி புதைக்கவும் பழக்கப்பட்டவர். 1990களில் ஒரு கத்தி, ஒரு தடி, ஒரு குறடு இவற்றோடு தாம் புதைத்த ஊர்களுக்கே திரும்பிப் போய் எடுக்கத் தொடங்கினார். அப்படிச் செய்வது ஆபத்து, பின்பற்றத் தக்கதல்ல. அவரே பிறகு முறையான பயிற்சி பெற்று, 2008இல் வெடி அகற்றும் அமைப்பொன்றை நிறுவினார்.

நேரமிருந்தால் சியெம் ரீப்பிலேயே வெடி தேடும் எலிகளின் மையத்தையும் பாருங்கள். ஆபிரிக்கப் பெரும் பை எலிகள் டிஎன்டி வாசனையை மட்டும் தேடும், பழைய ஆணியைத் தேடாது. ஒன்றே கால் கிலோ எடைதான் என்பதால் மிதித்தாலும் வெடிக்காது. டென்னிஸ் மைதானம் அளவுள்ள இடத்தை அரை மணி நேரத்தில் முடிக்கும். கருவி பிடித்த ஆளுக்கு அதே இடம் நான்கு நாள் வரை எடுக்கும்.

மலைநாட்டில் மிதிவெடி இல்லை. வடக்கின் கதையை, அதிலும் கம்போடியாவின் கதையை நாங்கள் ஏன் காசு செலவழித்துப் பார்க்க வேண்டும்?
– தலவாக்கலை வாசகர்

1958, 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போய்க் காடு வெட்டிக் குடியேறியவர்கள் யாருடைய ஆட்கள்? உங்கள் லயத்திலேயே இரண்டு வீடு தள்ளிக் கேட்டுப் பாருங்கள், வன்னியில் சித்தப்பா பிள்ளைகள் இருப்பார்கள். பலர் கூலி வேலை செய்தும் விறகு வெட்டியும் இரும்பு பொறுக்கியும் பிழைத்தார்கள். மிதிவெடி இருக்கும் நிலத்தில் முதலில் கால் வைப்பது அந்த வேலை செய்கிறவர்கள்தான். சொந்தக் காணி இல்லாதவனுக்குத்தான் பற்றைக்காட்டுக்குள் போக வேண்டிய தேவை அதிகம். இது கம்போடியாவுக்கும் பொருந்தும், நமக்கும் பொருந்தும்.

காசு செலவழித்தே பார்க்க வேண்டும் என்பதில்லை. ஆனால் நம்முடைய கதை இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மிதிவெடி, கண்ணிவெடி, கிளஸ்டர் குண்டு – மூன்றும் ஒன்றா?
– ஹாலிஎல வாசகர்

இல்லை. ஆள் மிதித்தோ கம்பி தட்டியோ வெடிப்பது மிதிவெடி. வாகனத்துக்கு வைப்பதையும், தூரத்திலிருந்து ஆள் பார்த்து வெடிக்கவைப்பதையும் நம்மவர் கண்ணிவெடி என்கிறார்கள், எழுத்தில் இரண்டுக்கும் பொதுவாகவும் அதுவே வருகிறது. கிளஸ்டர் குண்டு வானிலிருந்து விழுந்து நூற்றுக்கணக்கான சிறு குண்டுகளாகச் சிதறுவது, வெடிக்காமல் கிடப்பவை பிறகு மிதிவெடி செய்யும் வேலையைச் செய்யும். லாவோஸில் 1964 முதல் 1973 வரை 27 கோடி சிறு குண்டுகள் விழுந்தன, மூன்றில் ஒன்று வெடிக்கவில்லை என்று கணிக்கிறார்கள். டென்னிஸ் பந்து அளவுள்ள அதைப் பிள்ளைகள் பந்தென்று எடுக்கிறார்கள். வியந்தியானில் 'கோப்' என்ற அமைப்பின் பார்வையாளர் மையம் இதற்கென்றே இருக்கிறது.

1997இல் கையெழுத்தான ஒட்டாவா உடன்படிக்கை ஆளே மிதித்து வெடிக்கும் வகையை மட்டும் தடை செய்கிறது. இலங்கை அதில் 2017 டிசம்பரில் சேர்ந்தது. 2025இல் ஐரோப்பாவின் சில நாடுகள் அதிலிருந்து விலக முடிவு செய்தன. மிகவும் வருந்த வேண்டிய செய்தி.

ஆவணியில் மடுமாதா திருவிழாவுக்குப் போய், அப்படியே முல்லைத்தீவில் உறவினர் வீட்டில் பத்து நாள் தங்குவோம். பிள்ளைகள் ஓடித் திரிவார்கள். பயப்பட வேண்டுமா?
– அப்புத்தளை வாசகி

ஆட்கள் தினமும் நடக்கும் பாதை, உழுத வயல், வீட்டு முற்றம் இவற்றில் பயப்பட வேண்டாம். 2002 முதல் நடக்கும் வேலையில் பெரும் பகுதி நிலம் துப்புரவாகிவிட்டது. இன்னும் முடியாத இடங்களும் உண்டு. ஏ9 வீதியோரம் முகமாலை, பழைய போர் எல்லையாக இருந்த இடம், நாட்டிலேயே பெரிய மிதிவெடி நிலங்களில் ஒன்று. சிவப்புப் பலகையில் மண்டையோடு இருந்தால் உள்ளே போகக்கூடாது. சிவப்பு அடித்த கட்டை ஆபத்து, வெள்ளை அடித்தது துப்புரவான பக்கம். ஆனால் பலகை இல்லை என்பதற்காக எந்தப் பற்றைக்குள்ளும் நுழையாதீர்கள். பலகையை மாடு தள்ளும், விறகுக்குப் பிடுங்குவார்கள். வெள்ளம் வந்தால் எடை குறைந்த பிளாஸ்டிக் வெடி இடம் மாறும், கரையில் ஒதுங்கும். மழைக்குப் பின் வாய்க்கால் ஓரம் பிள்ளைகளை விடாதீர்கள்.

பிள்ளைகளுக்கு இவ்வளவு சொன்னால் போதும்: தெரியாத சாமானைத் தொடாதே, காலால் தட்டாதே, கல்லெறியாதே, நெருப்பு வைக்காதே. நின்ற இடத்தை நினைவு வைத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பிப் பெரியவரிடம் சொல். பெரியவர் கிராம சேவகருக்கோ பொலிஸுக்கோ (119) சொல்ல வேண்டும். இடையில் யாராவது 'நான் எடுத்துப் போடுகிறேன்' என்று முன்வந்தால் விடாதீர்கள். கையும் கண்ணும் போவது பெரும்பாலும் அப்படித்தான்.

பற்றைக்குள் போனபிறகுதான் பலகையையோ வெடியையோ கண்டால், அந்த இடத்திலேயே அசையாமல் நில்லுங்கள். சத்தம் போட்டுக் கூப்பிடுங்கள். யாரையும் கிட்ட வர விடாதீர்கள். ஒருவர் மிதித்துவிட்டார் என்று இன்னொருவர் ஓடிப்போய்த் தூக்க முயல்வதால்தான் ஒரே இடத்தில் இரண்டு பேர் போகிறார்கள். ஒன்று இருந்தால் பக்கத்தில் இன்னொன்று இருக்கும்.

பாடசாலையில் இது பற்றி ஒரு கண்காட்சி வைக்க விரும்புகிறோம். எப்படிச் செய்வது?
– பண்டாரவளை, ஆசிரியை

முதலில் ஒரு தடை: உண்மையான வெற்றுக் கோதுகளையோ, துப்பாக்கி ரவைகளையோ யாரும் கொண்டுவரக் கூடாது. வெற்று என்று நினைத்தது வெற்றாக இல்லாமல் போகலாம். தத்ரூபமாகச் செய்து பிள்ளைகள் கையில் கொடுப்பதும் வேண்டாம், தொட்டுப் பழகினால் தொடக்கூடாது என்ற பாடம் போய்விடும். களிமண்ணில் செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிவையுங்கள். அளவு மட்டும் சரியாக இருக்கட்டும்: எம்14 56 மில்லிமீற்றர், டைப் 72 என்ற சீன வெடி 78 (டின்மீன் பேணியின் வாய் அளவு), பிஎம்என் 112. வன்னியில் மரப்பெட்டியில் செய்த 'ஜொனி' என்ற மிதிவெடியும் உண்டு என்று பக்கத்தில் எழுதுங்கள்.

செய்துகாட்டத் தக்கது துப்புரவு வேலைதான். ஒரு மேசையளவு மரத் தட்டில் மணல் பரப்பி, ஐம்பது ஆணியும் மூன்று போத்தல் மூடியும் புதையுங்கள். மாணவர் ஒருவர் முழங்காலில் உட்கார்ந்து, முன் கண்ணாடி மறைப்புப் போட்டு, சிறு கரண்டியால் பக்கவாட்டில் மட்டும் சுரண்டி மூடிகளைக் கண்டெடுக்கட்டும். மேலிருந்து அழுத்தினால் ஆட்டம் முடிந்தது. நேரத்தைக் குறித்துப் பலகையில் எழுதுங்கள். பத்து நிமிடத்துக்குள் பொறுமை போய்விடும், அப்போதுதான் அந்த வேலை என்னவென்று புரியும். இலங்கையின் மணல் நிலத்துக்கென்றே உருவான முறையையும் காட்டலாம்: நீண்ட பிடி போட்ட வாரியால் மண்ணைத் தன் பக்கம் மெல்ல வாரி, வெடியைப் பக்கவாட்டிலிருந்து வெளியே கொண்டுவருவது. தேயிலை மலையில் முள்ளு (மண்ணைக் கிளறும் கருவி) பிடித்துப் பழகிய பெற்றோர் அதைப் பார்த்ததும் பிடித்துக்கொள்வார்கள். வடக்கில் இந்த வேலையில் பெண்கள் பலர் இருக்கிறார்கள், குடும்பத்தைத் தனியே தாங்குகிறவர்களும் உண்டு. அதை ஒரு தனிப் பலகையில் எழுதுங்கள்.

ஐந்தாம் தரத்துக்குக் கீழே காயப் படங்கள் வேண்டாம்.

வெடிக் கோதில் செய்த மோதிரம், கரண்டி அங்கே விற்கிறார்களாம். வாங்கி வரலாமா?
– கண்டி வாசகர்

உருக்கிச் செய்த கரண்டி, மோதிரம் சரி. துப்பாக்கி ரவை, கோது, மிதிவெடி மாதிரிப் பொம்மை எதுவும் வேண்டாம். விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கவைப்பார்கள், பறிமுதல் செய்வார்கள், விமானத்தையும் தவறவிடுவீர்கள்.

அண்ணன் 2010இல் வன்னியில் மீள்குடியேறியபோது விறகுக்குப் போய் மிதிவெடியில் முழங்காலுக்குக் கீழே இடது காலை இழந்தார். இப்போது எங்களோடு தோட்டத்தில் இருக்கிறார். சமநிலத்தில் நன்றாக நடந்த பொய்க்கால் இங்கே புண்ணாக்குகிறது. கால் பழசா, மலை காரணமா?
– மஸ்கெலியா வாசகி

இரண்டும் இருக்கலாம். வளர்ந்தவருக்குப் பொய்க்கால் மூன்று முதல் ஐந்து வருடம்தான். அதற்கு மேல் போனால் மிஞ்சிய கால் மெலிந்து, பொய்க்காலின் குழியும் (மிஞ்சிய கால் நுழையும் பகுதி) காலும் பொருந்தாது. ஆனால் மலைக்கு வந்ததிலிருந்துதான் புண் என்றால் முதலில் கீழே சொல்வதைப் பாருங்கள்.

மிஞ்சிய கால் காலையில் சற்றுப் பருத்தும் மாலையில் சுருங்கியும் இருக்கும். ஏறி இறங்கும் நாளில் இன்னும் சுருங்கும். சுருங்கினால் கால் குழிக்குள் இறங்கி, நுனி அடியில் இடிக்கும். மதியம் ஒரு மெல்லிய காலுறை கூடப் போட்டால் சரியாகும். அதற்காகவே ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும். கழற்றியபின் தோலில் சிவப்பு பத்து நிமிடத்தில் மறைந்தால் பயமில்லை. மறையாவிட்டால் அந்த இடத்தில்தான் உரசுகிறது. பேனையால் வட்டம் போட்டு, கால் செய்யும் நிலையத்தில் காட்டுங்கள்.

குழியை இரவில் கழுவி, துடைத்துக் காயவிடுங்கள். காலையில் கழுவினால் மஸ்கெலியாக் குளிரில் ஈரம் போகாது, ஈரத்தோடு போட்டால் அன்றே தோல் உரியும். அவசரத்துக்கு அடுப்புக்கு மேலே பரணில் வைத்துக் காயவைக்கவே கூடாது. குழி பிளாஸ்டிக், சூட்டில் இளகி உருமாறும். கண்ணுக்குத் தெரியாத அந்த மாற்றமே புண்ணுக்குப் போதும்.

படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது பொய்க்கால் முதலில். செங்குத்தான இடத்தில் நேராக இறங்காமல் பக்கவாட்டாகத் திரும்பி, நல்ல காலை மேட்டுப் பக்கம் வைத்து இறங்கச் சொல்லுங்கள். பொய்க்காலின் கணுக்கால் நம்முடையதுபோல் மடங்காது, நேராக இறங்கினால் முழங்கால் முன்னால் தள்ளப்பட்டு விழுவார். சுமையை ஒரு தோளில் போடாமல் முதுகில் கட்ட வேண்டும்.

செருப்பைக் கவனியுங்கள். பொய்க்கால் குறிப்பிட்ட குதி உயரத்துக்கு அமைத்தது. வன்னியில் தட்டைச் செருப்போடு நடந்தவர் இங்கே கம்பூட்ஸ் (உயரமான ரப்பர் சப்பாத்து) போட்டால் உடம்பின் பாரமே வேறு இடத்தில் விழும். இதுவே உங்கள் அண்ணனின் புண்ணுக்குக் காரணமாக இருக்கக்கூடும். கம்பூட்ஸ் அவசியமென்றால் அதைக் கையோடு கொண்டுபோய், அதன் உயரத்துக்குக் காலைச் சரிசெய்யச் சொல்லுங்கள். பாதம் உள்ளே நுழையாவிட்டால் பொலித்தீன் பையொன்றைப் பாதத்தில் சுற்றி நுழைத்து, பிறகு உருவிவிடலாம்.

தொட்டாலே மின்சாரம் பாய்வதுபோல் சுரீரென்றால் நரம்பு முனை தடித்திருக்கலாம். ஆறிய தோலில் சிறு கொப்புளம் வந்து கடினமாக ஏதோ தட்டுப்பட்டால், வருடங்கள் கழித்து வெளியேறும் சில்லாக இருக்கலாம். இவற்றுக்குக் கால் செய்பவர் போதாது, அறுவை மருத்துவரிடம் போக வேண்டும்.

நிலையத்துக்குப் போகும்போது பழைய கால் ஏதும் வீட்டில் இருந்தால் எறியாமல் அதையும் கொண்டுபோங்கள். அடிப்பாதம் எந்த ஓரத்தில் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தாலே அவர் எப்படி நடக்கிறார், புதியதை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று செய்பவருக்குத் தெரிந்துவிடும்.